கத்தியின் பிடி: ஒரு சிறு கைவினையும் அதனுள் அடங்கிய கேள்விகளும்

கத்தியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அலகைப் பற்றியே எழுதியுள்ளனர். அரபு மொழியில் வாளுக்கு வழங்கும் பெயர்களுள் ‘முஹன்னத்’ என்பதும் ஒன்று. ஹிந்த் நாட்டோடு தொடர்புடையது என்பது அதன் உட்பொருள். அப்பாஸியக் கலீஃபா முஃதஸிம் ஆண்ட காலத்தில் (கி.பி. 833–842) தத்துவ அறிஞர் அல்கிந்தீ வாள்களின் வகைகளை ஆராய்ந்து தனி நூலொன்று யாத்தார். யமன், ஹிந்த், ஸரந்தீப் எனப் பல நாட்டு இரும்பும் அதில் எடைபோடப்படுகின்றன. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அல்பீரூனீ, மூசையிலிட்டு உருக்கு ஆக்கும் முறையைத் தம் கனிம நூலில் விளக்கினார்.

இவ்வரலாற்றில் சேலத்துச் சமவெளிக்கும் பங்குண்டு. சேலத்தை அடுத்த கஞ்சமலை காந்த இரும்புத் தாது செறிந்த மலை. சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், இந்திய இரும்பையும் உருக்கையும் பற்றி இலண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் ஏட்டில் 1839இல் எழுதினார். இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங் குச்சிகளை மூசையில் இட்டு, மேலே எருக்கிலை பரப்பி, களிமண்ணால் வாயடைத்து உலையேற்றிய முறை அதில் உள்ளது. ஆவாரையும் எருக்கும் இன்றும் சேலம், நாமக்கல் சாலையோரங்களில் கேட்பாரற்று வளர்ந்து கிடக்கின்றன. ஹீத் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியபோது, சேலத்துத் தாது பரிசல்களில் காவிரி, கொள்ளிடம் வழியே அவ்வூருக்குச் சென்றது. ஆலை நிலைக்கவில்லை. அவரும் வறுமையிலேயே மறைந்தார்.

நம் நாட்டு உருக்கு ஐரோப்பிய அறிவியலார் கைக்குச் சென்றபோது முதலில் என்னவாயிற்று என்பதும் சுவையானது. பம்பாயிலிருந்து இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பப்பட்ட உருக்கை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் கட்டுரை படித்தார். அச்சோதனைக்காக ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலர் அவ்வுருக்கில் அடித்துக் காட்டியது வாளன்று, ஒரு பேனாக்கத்தி. இறகையும் நாணலையும் சீவி எழுதிய காலத்துப் பெயர் அது. நம் எழுத்தணிக் கலைஞர்கள் ‘கலம்தராஷ்’ என்று அழைத்ததும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உஸ்மானியக் கலைஞர்களின் கலம்தராஷ்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றைக் காண்போர் அலகை ஒரு நொடியும் பிடியை ஒரு நிமிடமும் பார்ப்பர்.

பிடி அத்துணை அற்பமான பொருளன்று. நபி (ஸல்) அவர்களின் வாளைக் குறித்து அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் பதிவான செய்தி, அலகின் கூர்மையைச் சொல்லவில்லை. பிடியின் தலைப்பு வெள்ளியால் ஆனது என்பதையே சொல்கிறது. இச்சிறு செய்தியிலிருந்து ஃபுகஹாக்கள் ஒரு பெரும் விவாதத்தைத் தொடங்கினர். போர்க்கருவியை வெள்ளியால் அணி செய்யலாம் என்பது இதிலிருந்து பெறப்பட்டது. அச்சலுகை வீட்டுக் கத்திக்கும் எழுதுகோல் சீவும் கத்திக்கும் நீளுமா என்ற கேள்வி ஷாஃபிஈ அறிஞரிடையே தனியே பேசப்பட்டது. கையில் அடங்கும் ஒரு கத்தியின் பிடிக்காக இத்துணை நுட்பமாகச் சிந்தித்த மரபு நம்முடையது. ஆனால் இன்று பிடி உடைந்தால் கத்தியையே எறிந்துவிடுகிறோம்.

இக்கட்டுரைக்குக் காரணமான கத்தியும் அவ்வாறு எறியப்பட இருந்ததுதான். நம் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்துவரும் மடக்குக் கத்தி அது. மாம்பழம் நறுக்கவும், பார்சல் கயிறு அறுக்கவும், பிள்ளைகளின் பென்சில் சீவவும் பயன்பட்டது. தேய்ந்து குறுகிய அலகு இன்றும் சவரம் செய்யத்தக்க கூர் ஏற்கும். பிடியின் நெகிழிப் பட்டைகள் மட்டும் வெடித்து உதிர்ந்துவிட்டன. கடைக்கு எடுத்துச் சென்றோம். சாணை பிடிக்கலாம், பிடி மாற்ற ஆளில்லை, புதிதாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு காலத்தில் நாவிதரின் மடக்குச் சவரக்கத்திக்குக் கொம்புப் பிடி மாற்றித் தரும் கைகள் சிற்றூர்களிலும் இருந்தன. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளேடு சவரக்கடைகளுக்கு வந்தபின், அக்கத்தியோடு அக்கைவினையும் போயிற்று. ஆகவே நாமே செய்வது எனத் துணிந்தோம். முதல் முயற்சி தோற்றது. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

முதலில் கத்தியின் அமைப்பை அறிதல் வேண்டும். மடக்குக் கத்தியில் அலகு ஒரு சுழலாணியில் திரும்புகிறது. அதன் அடிப்பாகத்தைப் பின்னாலிருந்து அழுத்தி, திறந்தபோது நிமிர்ந்தும் மடக்கியபோது அடங்கியும் நிற்கச் செய்வது முதுகுவில். இவற்றை இருபுறமும் அணைத்து நிற்பவை பித்தளையாலோ இரும்பாலோ ஆன மெல்லிய உள்தகடுகள். அவற்றின் மேல் பொருத்தப்படுபவையே நம் கையில் படும் பிடிப்பட்டைகள். பட்டைகள் கத்தியைத் தாங்குவதில்லை, உள்தகடுகளே தாங்குகின்றன. அதனால்தான் ஒரு கத்தியின் வாழ்நாளில் பட்டைகளைப் பலமுறை மாற்ற முடிகிறது. நம் கத்தியில் சுழலாணி முகப்பிலுள்ள பித்தளைப் பூணினூடே சென்றது. ஆதலின் அலகைக் கழற்றாமலே பட்டைகளை மட்டும் மாற்ற இயன்றது. சுழலாணி பட்டையினூடேயே செல்லும் கத்திகளும் உள. அவற்றில் கைவைப்பது தொடக்க நிலையினர்க்கு ஏற்றதன்று.

இனிப் பட்டைக்கான பொருள். இங்குதான் நம் விருப்பமும் நம் பொறுப்பும் ஒருங்கே நுழைகின்றன. அலகை எங்கோ எவரோ அடித்துத் தருகிறார். அதன் இரும்பு எம்மலையினது என்று நாம் கேட்பதில்லை. பிடியை நாமே தேர்கிறோம். எனவே அது எதனுடைய உடலிலிருந்து வந்தது என்ற வினாவுக்கும் நாமே விடை சொல்ல வேண்டும்.

மரமே எளிது. சேலம், நாமக்கல் வறள் நிலங்களின் மரங்கள் மெல்ல வளர்பவை. அதனாலேயே வைரம் பாய்ந்தவை. ஆச்சா மரத்தின் வைரம் நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. செம்பழுப்பு நிறம் கொண்டது. முதிர்ந்த புளியின் நடுவே சிறிதளவே கிடைக்கும் கருஞ்சிவப்பு வைரம் கத்திப் பிடிக்கென்றே படைக்கப்பட்டதோ என எண்ணத் தோன்றும். கருவேலமும், அரப்புத் தூளுக்கு இலை தரும் உசிலும் நன்று. பனை வைரம் காண அழகியது. ஆயின் நார்நாராகப் பிளக்கும் இயல்பினது. இவற்றை விலைகொடுத்துத் தேட வேண்டியதில்லை. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் பல உள்ளன. அவற்றின் ஓரத்தில் அறுத்தெறிந்த துண்டுகள் குவிந்து கிடக்கும். ஒரு பட்டறையில் ஒரு கட்டையை எடுத்து விலை கேட்டபோது, முதிய தச்சர் ஒருவர், “எடுத்துட்டுப் போங்க பாய், அடுப்புக்குப் போறதுதானுங்க” என்றார். அக்கட்டையில் ஆறு கத்திகளுக்குப் பட்டை அறுக்கலாம்.

மரத்தில் கவனிக்க வேண்டியது ஈரம். பச்சை மரத்தில் செய்த பட்டை சித்திரை வெயிலில் சுருங்கி, உள்தகட்டைவிட்டு விலகி நிற்கும். நம் முதல் முயற்சி கெட்டதற்கு ஒரு பாதிக் காரணம் இதுவே. கட்டையை அரை விரல் தடிப்புள்ள பலகைகளாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் ஓராண்டு கிடத்தல் நன்று. முனைகள் வழியே நீர் விரைந்து வெளியேறுவதால்தான் மரம் வெடிக்கிறது. மெழுகு அதைத் தாமதப்படுத்தும்.

எலும்பும் கொம்பும் மரத்தினும் பழைய பொருள்கள். இங்கே மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். தானாகச் செத்த பிராணியின் எலும்பு, கொம்பு, உரோமம் ஆகியவற்றில் உயிர் பாய்வதில்லை, ஆதலின் அவை தூய்மையானவை என்பது ஹனஃபீ நிலைப்பாடு. பன்றி இதற்கு விலக்கு. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் எலும்பும் கொம்பும் அசுத்தமே என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. சேலம் பகுதி முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபீகள். கீழக்கரை, காயல் போன்ற கடற்கரை ஊரார் ஷாஃபிஈகள். ஒரே கொம்புப் பிடியை ஒருவர் தயக்கமின்றி ஏற்க, மற்றவர் தொழும்போது சட்டைப் பையில் வைக்கவும் தயங்குவதற்குக் காரணம் இதுவே. இருவரும் ஒருங்கே ஏற்கக்கூடியது ஒன்று உண்டு: முறையாக அறுக்கப்பட்ட, உண்ணத்தகும் பிராணியின் எலும்பு.

அது நம் வீடுகளுக்கு ஆண்டுதோறும் தானே வருகிறது. குர்பானிப் பிராணியின் எந்தப் பாகத்தையும் அறுப்பவருக்குக் கூலியாகத் தரலாகாது என அலீ (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ் யாவரும் அறிந்தது. அதன் தோலைக் கொடுத்தவரே தம் வீட்டில் பயன்படுத்திக்கொள்ள ஃபிக்ஹ் இடந்தருகிறது. விற்றுப் பணத்தை வைத்துக்கொள்ளவே இடமில்லை. எலும்பும் அவ்வாறே. அறுக்கும்போது பல்லையும் நகத்தையும் கருவியாக்கலாகாது, பல் ஓர் எலும்பே என ராஃபிஃ பின் கதீஜ் (ரலி) அறிவிக்கும் செய்தியைக் காட்டி எலும்புப் பிடியையும் ஐயுறுவோரைக் கண்டுள்ளோம். அவ்விலக்கு வெட்டும் விளிம்பைக் குறித்தது, பற்றும் பிடியைக் குறித்ததன்று.

ஆட்டின் நல்லி எலும்பு மெலிந்தது, வளைவானது. விரல் நீளமுள்ள சிறு பேனாக்கத்திக்கு மட்டுமே தேறும். மாட்டின் அல்லது எருமையின் நல்லி எலும்பே தக்கது. இரு முனைகளையும் அறுத்து, ஊனை நீக்கி, சலவைத்தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரில் சில நாள் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். கொதிக்க வைக்கலாகாது. கொதித்த எலும்பில் கொழுப்பு உள்ளிறங்கிப் பின்னாளில் மஞ்சளாய்க் கசியும். எலும்பும் நொறுங்கும் தன்மை பெறும். வெளுக்க வேண்டுமாயின் மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். குளோரின் கலந்த வெளுப்பான் எலும்பையே அரித்துவிடும். நிழலில் சில வாரங்கள் உலர்ந்தபின் நீளவாட்டில் அறுத்தால், கையளவுப் பட்டைகள் கிடைக்கும்.

யானைத் தந்தம், மான்கொம்பு ஆகியவற்றைக் குறித்து ஒரு சொல். யானையின் எலும்பு தூயது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. ஆயின் ‘தூயது’ என்ற தீர்ப்பு, வேட்டையாடிக் கொள்வதற்கான உரிமைச் சீட்டன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்தத்தையும் மான்கொம்பையும் வாங்கவும் விற்கவும் தடைசெய்துள்ளன. பழைய வீடுகளில் தொங்கும் மான்கொம்பை அறுத்துப் பிடி செய்ய எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். யமனியர் இடையில் அணியும் ‘ஜன்பிய்யா’ என்னும் வளைகத்தியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அதன் உயர்ந்த பிடி காண்டாமிருகக் கொம்பினது. 1970களில் எண்ணெய்ப் பணம் யமனுக்குப் பெருகியபோது, அப்பிடியை விரும்பியோர் தொகையும் பெருகியது. ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்கள் கொல்லப்படுவதற்கு அது ஒரு முதன்மைக் காரணமாயிற்று. 1982இல் அந்நாட்டரசு இறக்குமதியைத் தடைசெய்தது. 1992இல் அந்நாட்டு முஃப்தீ, காண்டாமிருகத்தைக் கொல்வது இறைவிருப்பத்துக்கு மாறானது என ஃபத்வா வழங்கினார். அதன் இடத்தை நிரப்பியவற்றுள் முதன்மையானது எருமைக் கொம்பு. அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றது. ஒரு பிடிக்காக ஒரு கண்டத்தின் விலங்கு அழிவின் விளிம்புக்குச் செல்லக் கூடும் என்பதை அறிந்தபின், அடுப்புக்குப் போக இருந்த புளியங்கட்டையின் மதிப்பு நம் கண்ணில் உயர்ந்தது.

இனிச் செய்முறை. அலகை மடக்கி, துணி சுற்றி, நாடாவால் கட்டுக. இதனைச் செய்யாமல் தொடங்குவோர் பட்டை செய்யுமுன் கையில் கட்டுப் போட நேரும். பழைய தறையாணியின் தலையை அரத்தால் தேய்த்து, மெல்லிய முளையால் தட்டி வெளியேற்றுக. முதுகுவில்லையும் அவ்வாணிகளே தாங்குவதால், ஓராணியை எடுத்ததும் அத்துளையில் அதே பருமனுள்ள கம்பித் துண்டைச் செருகிவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். இல்லையேல் வில் இடம்பெயர்ந்து, அதனை மீண்டும் அமர்த்துவதற்குள் பொழுது சாயும்.

ஒரே கட்டையை நடுவே அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்தால் இரு பக்கங்களிலும் மரவரி ஒத்து நிற்கும். அவ்விணையையே இடப் பட்டையாகவும் வலப் பட்டையாகவும் கொள்க. தடிப்பு நான்கு மில்லிமீட்டர் இருக்கட்டும், முடிவில் மூன்றாகும். உடைந்த பழைய பட்டையை வைத்துக் கோடு வரைந்து, கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். உள்பக்கம் சமதளமாவது மிக இன்றியமையாதது. கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, அதில் பட்டையைத் தேய்த்துத் தேய்த்து, தகட்டோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இடையே ஒளி தெரியுமாயின் வேலை முடியவில்லை என்பது பொருள். பூணோடு பட்டை சேரும் விளிம்பும் இவ்வாறே மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பார்ப்போர் கண் முதலில் செல்வது அங்கேதான்.

ஒட்டுவதற்கு இரு குழாய்களில் விற்கும் எப்பாக்சிப் பசை போதும். தகட்டைச் சொரசொரப்பாக்கி, சாராயம் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையை அகற்றிய பின் மெல்லிதாகப் பூசுக. சுழலாணியைச் சுற்றிலும் வில்லின் ஓரத்திலும் முன்கூட்டியே வாஸலின் தடவாவிடில், பிதுங்கிய பசை கத்தியை என்றென்றைக்கும் மூடிவிடும். முதலில் வலப் பட்டையை மட்டும் ஒட்டி, திருகுப் பிடியால் அளவாக இறுக்கி, ஒருநாள் விடுக. பின்னர் இடப்புறம் திறந்திருக்கும் தகட்டுத் துளை வழியே, செருகிய கம்பியை ஒவ்வொன்றாக எடுத்து, வலப் பட்டையில் துளையிடுக. பட்டைக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை முட்டுக் கொடுத்தால் மறுபுறம் சிதறாது. துளையிட்டவுடன் நீண்ட பித்தளைக் கம்பியைச் செருகிவிட்டு அடுத்த துளைக்குச் செல்க. இரண்டும் முடிந்தபின், கம்பிகளின் நுனி உள்தகட்டின் மட்டத்தில் நிற்குமாறு வலப்புறமாகத் தள்ளிவிட்டு இடப் பட்டையை ஒட்டி, வலப்புறத்திலிருந்து அவ்வாறே துளையிடுக. எலும்புக்கும் கொம்புக்கும் துளை கம்பியைவிடச் சற்றே பெரிதாயிருத்தல் வேண்டும்.

ஆணியின் தலையை விரிப்பதுதான் நம்மைத் தோற்கடித்த இடம். இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் வெளிநீளும்படி கம்பியை வெட்டி, சிறு குண்டுச் சுத்தியலால் இப்புறம் நான்கு, அப்புறம் நான்கு என மெல்லத் தட்ட வேண்டும். பித்தளை காளான்போல் விரியும், அதுவே போதும். முதன்முறை நாம் இரும்பை அடிப்பதுபோல் அடித்தோம். ஆணி துளைக்குள் பருத்து, பட்டை நீளவாட்டில் பிளந்தது. பச்சை மரம் மீதிப் பாதியை முடித்து வைத்தது.

பின்னர் அரத்தால் தகட்டு விளிம்பு வரை இழைத்து, 120, 220, 400, 600 என உப்புத்தாளின் எண்ணை உயர்த்திக்கொண்டு செல்க. பிடியின் வடிவத்தை அளவுகோல் சொல்லாது. இடையிடையே கையில் பிடித்து, உறுத்தும் இடத்தைத் தேய்க்க வேண்டும். எலும்புத் தூளும் சில மரங்களின் தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. முகமூடி அணிந்து, எலும்பை நனைத்தே தேய்த்தல் வேண்டும். மெருகேற்றுபவரை உருது மொழி ‘ஸைகல்கர்’ என்று அழைக்கும். ஸூஃபிகள் உள்ளத்தை மெருகேற்றுவதற்கு ஆண்ட ‘ஸைகல்’ என்னும் சொல்லே அதன் வேர். 600ஆம் எண் தாளோடு மூன்றாம் மாலையையும் கழித்தவர்க்கு அவ்வுவமை புதிய பொருள் தரும்.

மரப்பிடிக்கு எண்ணெய் பூசுவோர் வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயை எடுப்பது வழக்கம். அது உலரும் எண்ணெயன்று. பிசுக்காகவே தங்கித் தூசு பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும். மெல்லிதாகத் தடவி, கால் மணி கழித்துத் துடைத்து, இரு நாள் இடைவெளியில் மும்முறை செய்க. துடைத்த துணியைச் சுருட்டிப் போடலாகாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். சேலத்துக் கோடையில் சுருட்டிய துணி தானே தீப்பற்றக் கூடும். அதனை விரித்துத் தொங்கவிடுக, அல்லது நீரில் நனைத்து அப்புறப்படுத்துக.

கத்தியை வெளியே எடுத்துச் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. ஆயுதச் சட்ட விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளையே உரிமத்துக்குரிய ஆயுதமாகக் கொள்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் ஆனவை விலக்கு. நம் மடக்குக் கத்தி இதில் அடங்காது. எனினும் விமான நிலையத்திலும் நீதிமன்ற வாயிலிலும் அதனைப் பறிகொடுக்க நேரும். சென்னை மாகாணத்தில் 1854இல் மாப்பிள்ளைமார் கத்திகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அவற்றை வீடு வீடாகத் திரட்டிய ஆட்சியொன்றும் இங்கு இருந்தது. அதனை விரித்தெழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

நாம் இரண்டாம் முறை செய்த புளிவைரப் பட்டைகள் இரு கோடைகளைக் கண்டுவிட்டன, விலகவில்லை. எலும்புப் பட்டை ஓர் இணை, சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் ஊறவைத்தது, உலர்ந்து அலமாரியில் இருக்கிறது. அதற்கேற்ற கத்தி ஒன்றை உறவினர் வீட்டில் பார்த்து வைத்திருக்கிறோம். பிடியின் ஒருபுறம் நூல் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.